எட்டாயிரத்துக்கு ரெண்டு விசில்

சின்னையனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவனுடைய வலது காலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் கால் அரசுப் பேருந்தின் ஆக்சிலேட்டர் மேல் ஒரு ஆயுசு முழுக்க இருந்த கால். மிதித்த கால் என்று சொல்ல மாட்டேன். தூங்குகிற குழந்தையின் வயிற்றில் கை வைப்பது போல வைத்திருந்த கால்.

நான் பழனிவேல். அதே பஸ்ஸில் கண்டக்டர். சிதம்பரத்திலிருந்து குமராட்சிக்குப் போகிற டவுன் பஸ்ஸில் அவன் முன்னால் உட்கார்ந்திருப்பான், நான் நடுவில் நசுங்கிக்கொண்டிருப்பேன். எங்கள் இருவரில் யாருக்கு வாய் ஜாஸ்தி, யாருக்குப் பொறுமை ஜாஸ்தி என்பது இதிலேயே தெரிந்துவிடும். பக்கத்து ஊர் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுகிறவனைப் பார்த்துப் பார்த்தே என் கோபம் முற்றிப் போனது. அவன் முன்னால் இருந்தது கண்ணாடியும் ரோடும் மட்டும்தான். பொறுமை ஏன் வராது?

எங்கள் டெப்போவில் ஒரு போர்டு உண்டு. எந்த டிரைவர் ஒரு லிட்டர் டீசலில் எவ்வளவு தூரம் ஓட்டினார் என்று மாதாமாதம் சாக்பீஸில் எழுதிப் போடுவார்கள். கே.எம்.பி.எல். என்று அதற்குப் பெயர். மற்ற டிரைவர்களுக்கு அந்தப் போர்டு வயிற்றெரிச்சல், சின்னையனுக்கு அது சாமி. தன் பெயர் உச்சியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பான். எப்போதும் உச்சியில்தான் இருக்கும். இருந்தாலும் பார்ப்பான்.

அதற்காக அவன் செய்த அநியாயத்தை நான் சொல்கிறேன், கேளுங்கள். முதல் கியர் போட்டு வண்டி ஒரு அடி நகர்வதற்குள் இரண்டாவதுக்குப் போய்விடுவான். அடுத்த திருப்பத்துக்குள் டாப் கியர். இன்ஜின் பாவம், முனகக்கூட நேரமில்லாமல் உறு உறுவென்று இழுக்கும். இறக்கம் என்று ஒரு சாண் தெரிந்தால் போதும், காலைத் தூக்கிவிடுவான். காலேஜ் பையன்கள் ஓடி வந்து ஏறுவது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் பஸ்ஸில் நடந்து வந்தே ஏறுவார்கள். "எறங்கித் தள்ளணுமா டிரைவரே?" என்று ஒரு நாளைக்கு நாலு பேராவது கேட்பார்கள். திட்டு முழுக்க எனக்கு. போர்டில் பெயர் அவனுக்கு.

அவனிடம் இன்னும் இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, ரோட்டில் யார் கை காட்டினாலும் நிறுத்துவான். ஸ்டாப்பிங் இருக்கிறதோ இல்லையோ, கை தெரிந்தால் பிரேக். ஒருமுறை வயல் வரப்பில் கையைத் தூக்கிச் சட்டை கழற்றிக்கொண்டிருந்த ஆளுக்காக நிறுத்தப்போய், அந்த ஆள் மிரண்டு போய் வாய்க்காலில் இறங்கிவிட்டான். இரண்டாவது, என் விசில். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. இது எல்லா பஸ்ஸிலும் உள்ளதுதான். ஆனால் சின்னையனுக்கு அது வேதம். கலெக்டரே வந்து கண்ணாடியைத் தட்டிப் போகச் சொன்னாலும், பின்னாலிருந்து என் ரெண்டு விசில் வராமல் கியரில் கை வைக்க மாட்டான்.

இப்படியே ஓட்டி, ஒரு கீறல் இல்லாமல், ஒரு கோழியைக்கூட அடிக்காமல் ரிட்டையர் ஆனான். அடுத்த மாதம் நானும் ஆனேன். வீட்டில் உட்கார்ந்தவன் சும்மா இருந்தானா? அரிசி பாதி வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, "மீதி ஆவிலயே வெந்துரும், கேஸு மிச்சம்" என்றானாம். அவன் மனைவி தைலம்மாள் நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணே, இந்த மனுசன எங்கனா ஒரு வண்டில ஏத்தி வுடு. இல்லன்னா என்ன ஏத்தி வுடு. ஒரு மாசமா நறுக்கரிசிதான் துன்னுக்கினு கெடக்கறேன்" என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹபிபுல்லா பாய் வீட்டில் டிரைவர் தேடினார்கள்.

ஹபிபுல்லாவுக்குச் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. சின்ன வயதிலேயே துபாய் போய், ஒரு பெரிய ஓட்டலில் கார் நிறுத்துகிற வேலை. வருகிறவர்களிடம் சாவியை வாங்கி, தரைக்குக் கீழே மூன்று அடுக்கு பார்க்கிங்கில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கேட்டபோது மேலே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அங்கே அடிக்கடி வந்த ஒரு ஜெர்மன் காரின் மேல் மனிதருக்குப் பித்து. கம்பெனி பெயர் எனக்கெதற்கு? பார்வைக்கு நாலு கதவு வைத்த சாம்பல் நிறக் கார். ஆபீசர் வீட்டுக் கார் மாதிரி சாதுவாக நிற்கும். உள்ளே எட்டு சிலிண்டர். டேஷ்போர்டில் இருக்கிற ஊசி எட்டாயிரத்தையும் தாண்டுமாம். ஒரு நிமிஷத்துக்கு இன்ஜின் அத்தனை சுற்று சுற்றுகிறது என்று அர்த்தம். எங்கள் பஸ் இன்ஜின் இரண்டாயிரத்தைத் தாண்டினாலே ஐயோ அம்மா என்று அலறும்.

"பார்க்கிங்குக்குள்ள மெதுவாத்தான் ஓட்டணும் கண்டக்டரே. முறுக்குனா வேல போயிரும்" என்று பாய் எனக்கு ஒருமுறை சொன்னார். "கார்க்காரரு சாவிய வாங்கிக்கிட்டு வெளிய போவாரு. மெயின் ரோட்டுக்குப் போனதும் ஒரு மிதி மிதிப்பாரு. நாங்க வாசல்ல நின்னு கேப்போம். வெயில் தெரியாது, பசி தெரியாது. அல்லாஹ் நாடுனா ஒரு நாள் இத வாங்கணும்னு அன்னிக்கே நெனச்சேன்."

அல்லாஹ் நாடினான். பிறகு அங்கேயே துணிக்கடை வைத்து, நிமிர்ந்து, ஊர் திரும்பிச் சிதம்பரத்தில் வீடு கட்டி, சென்னையில் ஒருவரிடமிருந்து அதே ஜாதிக் காரை வாங்கிவிட்டார். அவர் ஆசைப்பட்ட மாதிரியே கையால் கியர் போடுகிற வண்டி. வாங்கிய கையோடு சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாம்பழம் பழுத்து வரும்போது பல் விழுந்த கதைதான். ஆனால் மனிதர் விற்கவில்லை. தான் ஓட்டாவிட்டால் என்ன, பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டால் போதும் என்றார்.

டிரைவரைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லை, அவர் மனைவி ஜெய்னப். அந்த அம்மாவுக்கு வேகம் என்றாலே நெஞ்சு படபடக்கும். குமராட்சிப் பக்கம் உறவினர் வீட்டுக்கு எங்கள் பஸ்ஸில் வந்து போனவர். "சைக்கிள்காரன்லாம் முந்திக்கிட்டுப் போனானே, அந்த டிரைவரு எங்க இருக்காரு?" என்று விசாரித்து ஆளை அனுப்பினார். சின்னையன் வேலையில் சேர்ந்த அன்றைக்கே ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: "நூறு கிலோமீட்டரத் தாண்டக் கூடாதுண்ணே."

சின்னையன் சிரித்திருப்பான். நூறா? அவன் வாழ்க்கையில் அறுபதைப் பார்த்ததே ரெண்டு மூன்று தடவைதான், அதுவும் ஆம்புலன்சுக்கு வழி விடும்போது.

அப்புறம் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கே கோபம் வரும். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவில் இப்போது நாலு வழிச்சாலை, வழித்துவிட்ட மாதிரி கிடக்கிறது. அதில் எட்டு சிலிண்டர் வண்டியைச் சின்னையன் குமராட்சி டவுன் பஸ் மாதிரி ஓட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று மளமளவென்று ஆறாவது கியருக்குப் போய்விடுவான். ஊசி இரண்டாயிரத்தை எட்டிப் பார்த்தால் அவன் கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். கை காட்டுகிறவர்களுக்கு நிறுத்துகிற பழக்கத்தையும் விட்டானில்லை. ஒருநாள் பி.முட்லூர் பக்கத்தில் ஒரு மீன்காரம்மா கை காட்ட, நிறுத்திவிட்டான். அந்த அம்மா, "கிள்ளைக்குப் போவுமா?" என்று கேட்டு, இறால் கூடையோடு தோல் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். கிள்ளையில் கொண்டுபோய் இறக்கிவிட்டே வரச் சொன்னார். ஜெய்னப் அம்மாதான் ஒரு வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியில் போனார்.

பாய் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காத்திருந்தார். இன்றைக்கு மிதிப்பான், நாளைக்கு மிதிப்பான் என்று. ஒரே ஒரு முறை வாயைத் திறந்து, "அண்ணே, ரோடு காலியாத்தான இருக்கு, கொஞ்சம் மிதிக்கலாமே" என்றாராம். சின்னையன் ஆலப்பாக்கத்திலிருந்து புதுச்சத்திரம் வரைக்கும் கே.எம்.பி.எல். பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டான். "உங்க காச நான் சும்மா பொகையா வுட மாட்டேன் பாய். எம் மேல நம்பிக்க வையிங்க" என்றானாம். வயதில் மூத்தவர், நமக்காகத்தானே செய்கிறார் என்று பாய் வாயை மூடிக்கொண்டார். மரியாதை, மரியாதை! ஒரு மனிதன் ஆசையை மரியாதைக்காக ஒரு வருஷம் தொண்டையிலேயே வைத்திருந்தால் எப்படி?

வண்டி வாய் திறந்து சொல்லிவிட்டது. முதலில் ஸ்டார்ட் ஆகும்போது இருமியது. பிறகு ஏற்றத்தில் தும்மியது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கடைசியில் வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் உதறி உதறி நின்றேவிட்டது. வந்து பார்த்த உள்ளூர் மெக்கானிக்குகள் பானெட்டைத் திறந்து, கும்பிட்டு, மூடிவிட்டார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு புரோக்கர் சுற்றிச் சுற்றி வந்து, "இன்ஜின் போச்சு பாய். முழுசா யாரும் வாங்க மாட்டான். பிரிச்சிப் பிரிச்சித்தான் விக்கணும்" என்று தீர்ப்பு சொன்னார். சனிக்கிழமை காலையில் லாரியோடு வந்து ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு.

பாய் சரி என்றுவிட்டார். "கண்ணும் போச்சு, சத்தமும் போச்சு. சரியா ஓடாத வண்டிய வீட்ல வச்சி தெனம் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாதுண்ணே" என்றார்.

சின்னையன் அன்று என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். தைலம்மாள் சமைத்ததை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. "வெள்ளிக்கெழம ஒரு நாள் இருக்கு மச்சான். கடலூர்ல ஒரு பொண்ணு இந்த மாதிரி வண்டிய ரிப்பேர் பாக்குதாம். நீயும் கூட வாய்யா" என்றான். எங்களுக்குள் மச்சான் என்பது முறை இல்லை, பழக்கம். அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை, அதனால் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை பாய், அவன், நான் மூன்று பேரும் வண்டியில் ஏறும்போது ஜெய்னப் அம்மா வாசல் வரை வந்தார். "கண்டக்டரே, உங்க விசில் இருக்கா?" என்று கேட்டார். சாவிக்கொத்தில் எப்போதும் தொங்கும், காட்டினேன். "ரிப்பேர் பாத்துட்டு சோதிக்கிறேன்னு வேகமா ஓட்டுவாங்க. நூறத் தாண்டுச்சின்னா ஒரு விசில் அடிங்க. அண்ணன் நிறுத்திருவாரு" என்றார். உருட்டிக்கொண்டு போகிற வண்டிக்கு இந்த அம்மா பயத்தைப் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்துத் தடவை சாவியைத் திருப்பி வண்டிக்கு உயிர் வரவழைத்து, இருமிக்கொண்டும் தும்மிக்கொண்டும் கடலூர் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பெண்ணின் பெயர் சிந்துஜா. சென்னையில் பெரிய பெரிய வண்டிகளைப் பார்த்துப் பழகி, செம்மண்டலத்தில் சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வரிசையாக ஒரு துணி மேல் வைத்தது. எட்டும் கன்னங்கரேல் என்று இருந்தன.

"யாரு அங்கிள் இத ஓட்டுறது?" என்றது.

சின்னையன் நெஞ்சை நிமிர்த்தி, "நாந்தாம்மா. ஒரு தபாகூட ரெண்டாயிரத்த தாண்ட வுட்டதில்ல" என்றான்.

அந்தப் பெண் சிரித்துவிட்டது. சிரித்த பிறகு அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டது. "அங்கிள், இன்ஜினுக்கு ஒண்ணும் ஆவல. இது ஒசர சுத்துறதுக்குன்னே செஞ்ச இன்ஜின். ஊசி மேல போனாத்தான் உள்ள சேர்ற கரி எரியும். நீங்க பொத்திப் பொத்தி ஓட்டி, கரி ஃபுல்லா அடைச்சிக்கினு கெடக்கு" என்றது.

சின்னையன் ஒரு பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தான். அவன் விரலெல்லாம் கரியானது. "அப்ப நாந்தான் கெடுத்தனா?" என்றான், யாரையும் பார்க்காமல்.

பாய் அவசரமாக, "இல்லண்ணே, பெட்ரோல் சரியில்ல. இப்பல்லாம் கலப்படம் ஜாஸ்தி" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க பாய்! ஒரு வருஷம் வாய மூடிக்கினு இருந்தீங்க, அதான் இங்க வந்து நிக்குது. யோவ் சின்னையா, நீ கெடுத்தியோ இல்லியோ, இப்ப சரி பண்ண வழி இருக்கான்னு கேளு. மூஞ்ச தொங்கப் போட்டா கரி போயிருமா?" என்று கத்தினேன். கத்திவிட்டேனே தவிர, அவனைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. போர்டில் முதல் பெயராக இருந்தவன். எதைச் சாமி என்று கும்பிட்டானோ அதுவே அவன் கண்ணைக் குத்திவிட்டது.

வழி இருந்தது. பாய் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு வருவதற்குள் சிந்துஜா பிளக், ஆயில் எல்லாம் மாற்றி முடித்துவிட்டது. "என் கையால ஆவுறது இவ்ளோதான் அங்கிள். மீதிக் கரிய வண்டியே எரிச்சித் தள்ளணும். நாலு வழிச்சாலைல போயி, இன்ஜின் நல்லா சூடானதும், ரெண்டாவது கியர்லயே புடிச்சி ஊசிய எட்டாயிரம் வரைக்கும் ஏத்துங்க. நாலஞ்சு தபா. அதுக்கும் அடங்கலன்னா இன்ஜின் தலைய கழட்டணும், அது இப்ப ஆவாது" என்றது.

நான் ஜெய்னப் அம்மாவை நினைத்து, "வேகம் எவ்ளோ போவும்?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது கியர்தான, நூறு பக்கத்துலதான் இருக்கும். ஊசி வேற, வேகம் வேற அங்கிள்."

"நீயே ஒரு ஓட்டு ஓட்டிக் குடுத்துரும்மா" என்றான் சின்னையன்.

"நாளைலேர்ந்து ஓட்டப் போறது நீங்கதான? ஒங்க காலு மாறலன்னா அடுத்த வருஷம் மறுபடியும் எங்கிட்டதான் வந்து நிப்பீங்க" என்றது அந்தப் பெண். வாயாடி. எனக்குப் பிடித்துவிட்டது.

கிளம்பினோம். பாய் முன்சீட்டில், நான் பின்னால். கடலூர் தாண்டி நாலு வழிச்சாலை வந்தது. வெயில் சாய்ந்து, ரோடு காலியாக இருந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் இன்ஜின் சூடாகிவிட்டது. பாய் இரண்டு கையையும் தொடை மேல் வைத்துக்கொண்டு ஊசியையே பார்த்தார். கிட்டத்தில் இருப்பது அவருக்கு மங்கலாகத் தெரியும் போலிருக்கிறது, கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தார். நாளைக் காலை லாரி வருகிறது என்பதை மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சின்னையன் இரண்டாவது கியரில் பிடித்து மிதித்தான். ஊசி இரண்டாயிரம், இரண்டரை, மூன்று. வண்டி தும்மியது. அவன் கால் தூக்கிக்கொண்டது, கை பழக்கத்தில் மூன்றாவது கியருக்குப் போய்விட்டது.

"கியர்ல கைய வச்ச, வெட்டிருவேன்!" என்றேன்.

மறுபடியும் பிடித்தான். மூன்றரை வரை போனது. மறுபடியும் கால் மேலே வந்துவிட்டது. முகமெல்லாம் வியர்வை. "முடியல மச்சான். மனசு மிதிக்கச் சொல்லுது, காலு கேக்க மாட்டேங்குது. இந்தச் சத்தம் வந்தாலே டீசல் கொட்டுற மாதிரி இருக்குய்யா" என்றான்.

"வுடுங்கண்ணே. வீட்டுக்குப் போவலாம்" என்றார் பாய். குரல் ரொம்ப மெதுவாக வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்தேன். துபாய் ஓட்டல் வாசலில் நின்று கேட்ட ஆள், சொந்தமாக வாங்கிய பிறகும் கேட்க முடியாமல் வீட்டுக்குப் போகலாம் என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. சாவிக்கொத்தை எடுத்தேன்.

"மாமூலா போ சின்னையா. குமராட்சி வண்டின்னு நெனச்சிக்க. ரெண்டாவது கியர்" என்றேன்.

அவன் ஏனென்று கேட்காமல் இரண்டாவது கியருக்கு வந்தான். ரோட்டை முன்னும் பின்னும் பார்த்தேன், ஒரு ஈ காக்கை இல்லை. விசிலை வாயில் வைத்து, அந்த மூடிய கண்ணாடிக்குள் காது கிழிய ரெண்டு விசில் அடித்தேன்.

கால் போய்விட்டது. அவனைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கவில்லை, அதுபாட்டுக்குக் கீழே போய்விட்டது. ஊசி நாலில் ஒருமுறை திக்கியது. பின் கண்ணாடியில் பார்த்தேன், கறுப்பாக ஒரு புகை மேகம். ஐந்து. தும்மல் நின்றது. அடுத்த ரெண்டு விசில் அடித்தேன். ஆறு. சத்தம் மாறிவிட்டது. அதுவரை உறுமிக்கொண்டிருந்தது, இப்போது ஜவுளிக்கடையில் முரட்டுக் காடாத் துணியை ஒரே இழுப்பாகக் கிழிக்கிற மாதிரி நீளமாக வந்தது. ஏழு. என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. எட்டு. வேகம் நூறைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஜெய்னப் அம்மாவின் வாக்கும் தப்பவில்லை.

சின்னையன் காலை எடுத்தான். வண்டி அடங்கியது. மறுபடியும் ரெண்டு விசில், மறுபடியும் எட்டு. மூன்றாவது தடவை புகையே இல்லை. மஞ்சள் விளக்கு தானாக அணைந்துவிட்டது. சின்னையன் சிரித்தான். சும்மா இல்லை, வாய் விட்டு, தொடையைத் தட்டி. "யோவ் மச்சான், இது இன்னாய்யா இப்டி கத்துது! இத்தினி நாளு இத உள்ள வச்சிக்கினா கெடந்துது?" என்றான். அவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. டெப்போ போர்டுகூட அவனை இப்படிச் சிரிக்க வைத்ததில்லை.

பாய் பக்கம் பார்த்தேன். கண்ணிலிருந்து தாடிக்கு நீர் இறங்கிக்கொண்டிருந்தது. "இதான். இதாண்ணே அது. மாஷா அல்லாஹ்" என்றார். போனை எடுத்துப் புரோக்கரைக் கூப்பிட்டார். "நாளைக்கு லாரி வேணாம் தம்பி. வண்டி விக்கல. எப்பவுமே விக்கல" என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்த பிறகு, "கொஞ்சம் ஓரமா நிறுத்துங்கண்ணே" என்றார்.

 உடம்புக்கு ஏதாவதோ என்று நினைத்தேன். புதுச்சத்திரம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். பாய் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் போயி திரும்பி வாங்க. இங்க வர்றப்ப இதே மாதிரி மிதிங்க. நான் வெளிய நின்னு கேக்கணும்" என்றார். "அப்பல்லாம் வாசல்ல நின்னுதான கேட்டேன். எங் காரு சத்தத்தயும் அப்டியே ஒரு தபா கேட்டுக்குறேன்."

அவரை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, எதிர்ச்சாரியில் பின்னால் வந்து, மறுபடியும் திரும்பி அவர் நிற்கிற பக்கத்துக்கு வந்தோம். சின்னையன் இரண்டாவது கியரில் பிடித்தான், நான் ரெண்டு விசில் கொடுத்தேன். ஊசி ஏறியது. தூரத்தில் புளியமரத்தடியில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. நாலு. ஐந்து. ஆறு. அந்தச் சத்தம் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மனிதர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

சின்னையனின் கால் மேலே வந்தது. சத்தம் இறங்கியது. அதே கால் பிரேக்கைத் தேடியது.

"கை காட்றாருய்யா!" என்றான் பதறி.

விசில் என் வாயில் இருந்தது. பேச நேரமில்லை. உயிரைக் கொடுத்து ரெண்டு விசில் அடித்தேன்.

கால் கீழே போனது. எட்டாயிரத்தில் கத்திக்கொண்டு பாயைத் தாண்டினோம். கை காட்டிய ஒருவரை ஏற்றாமல் சின்னையன் போனது அவன் ஆயுசிலேயே அன்றைக்கு ஒரு தடவைதான். நான் திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாங்கள் விட்டுவிட்டு வந்த பயணி, புளியமரத்தடியில் குதித்துக்கொண்டிருந்தார்.